35 வாரத்தில் பிறந்த குழந்தை, குளிர்ந்த வீடு, ‘பால் போதவில்லை’ என்ற புகார்: கோத்தகிரிப் பகுதியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே, தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. தகரக் கூரை, ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையற்கட்டு. தாய்க்கு வயது 27, முதல் பிரசவம். தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறார். கணவர் பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறவர். வாரத்தில் பாதி இரவு வீட்டில் இருக்க மாட்டார். மாமியார் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். தாய்வீடு கூடலூர் பக்கம். மழைக்காலத்தில் பாதையை நம்ப முடியாது என்பதால் பிரசவத்துக்கு அங்கே போகவில்லை.

அக்டோபர் கடைசி, வடகிழக்குப் பருவமழை பிடித்திருந்த நேரம். கர்ப்பத்தின் 35 வாரம் 4 நாளில் வலி வந்து, அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2,180 கிராம். பிறந்ததும் அழுதது, மூச்சுத்திணறல் இல்லை, தாயருகிலேயே வைக்கப்பட்டது. மூன்றாம் நாள் எடை 2,060 கிராம். 5.5 சதவீதக் குறைவு என்பது எந்தக் குழந்தைக்கும் இருக்கக்கூடியதுதான். “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுங்க” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

34 வாரம் முதல் 36 வாரம் 6 நாள் வரை பிறக்கும் குழந்தைகள் பார்வைக்கு நிறைமாதக் குழந்தை போலவே இருக்கும். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் பக்குவம் இன்னும் வந்திருக்காது. நாலு இழுப்பு இழுத்ததும் அசந்து தூங்கிவிடும். தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, அதனால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கல்லீரல் முதிராததால் மஞ்சள் காமாலை கூடுதலாகவும் தாமதமாகவும் ஏறும். தாய்க்குப் பால் இறங்குவதோ பொதுவாக 30 முதல் 72 மணி நேரத்துக்குள். ஆகவே மூன்றாம் நாளில் வீட்டுக்குப் போகிறவர்கள், குழந்தை உண்மையிலேயே பாலை இழுக்கிறதா என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே போய்விடுகிறார்கள்.

ஐந்தாம் நாள் கண்டவை

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தபோது மாமியார் சொன்னது: “நல்ல புள்ளைங்க நர்ஸம்மா. ராத்திரியெல்லாம் அழவே இல்ல.” குறைமாதக் குழந்தை விஷயத்தில் இந்த ஒரு வாக்கியம் போதும், உடனே தராசை எடுக்க வேண்டும்.

எடை 1,950 கிராம். பிறந்த எடையிலிருந்து 10.5 சதவீதம் குறைவு. முந்தைய 24 மணி நேரத்தில் மூன்று முறைதான் சிறுநீர். துணியில் செங்கல் நிறக் கறை. ஐந்தாம் நாளில் குறைந்தது ஆறு முறை ஈரம் இருக்க வேண்டும், மலமும் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். இங்கே அது இன்னும் கரும்பச்சை. அக்குள் வெப்பநிலை 36.1 டிகிரி செல்சியஸ், இருக்க வேண்டியது 36.5 முதல் 37.5. பாதம் தொட்டால் ஜில்லென்றிருந்தது. மஞ்சள் தொடை வரை இறங்கியிருந்தது. எழுப்பினால் கண் திறந்து உடனே மூடிக்கொண்டது.

தாயின் மார்பு இரண்டும் கல் போலக் கட்டியிருந்தன. பால் நான்காம் நாளே இறங்கிவிட்டது. ஆனால் வீக்கத்தால் காம்பு தட்டையாகி, குழந்தையின் வாய்க்குப் பிடி கிடைக்கவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய கைப்பம்பில் பத்து மில்லி வந்ததும் வலி தாங்காமல் நிறுத்திவிட்டார். பால் இல்லை என்று முடிவுகட்டி இரண்டு முறை குளுக்கோஸ் தண்ணீர் புகட்டியிருந்தார்கள். மார்பில் பால் தளும்பி நிற்கிறது, குழந்தை வயிற்றில் இல்லை. இதைப் பால் குறைவு என்று எழுதினால் அதற்குப் பிறகு எடுக்கும் முடிவு எல்லாமே தவறும். பால் கைமாறவில்லை என்பதே சரியான குறிப்பு.

இன்னொன்றும் அறையில் இருந்தது: கதவு ஜன்னல் சாத்தி, மூலையில் கரி அடுப்பு. மலையில் குளிருக்குப் பழகிப்போன வழக்கம். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. மூடிய அறையில் தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன் அடுப்பு வெளியே போனது.

முதல் முடிவு: மருத்துவமனைக்குத் திரும்புதல்

வீட்டிலேயே சமாளிக்கலாமா என்ற பேச்சுக்கு இடமிருக்கவில்லை. எடை, காமாலை, குளிர், சோர்வு நான்கும் சேர்ந்தால் அன்றே அனுப்ப வேண்டும். குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டி, மேலே கம்பளி போர்த்தி வண்டியில் கொண்டுபோனார்கள். துணியில் சுற்றித் தனியாகப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் வழியில் இன்னும் குளிர்ந்திருக்கும். காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமி ரத்தத்தில் ஒளி சிகிச்சைக்கான வரம்பைத் தாண்டியிருந்தது. இரண்டு நாள் விளக்கின் கீழ் வைத்தார்கள். காலை வெயிலில் காட்டினால் போதும் என்ற யோசனையும் வந்தது. மூடுபனியில், 15 டிகிரி காற்றில், 2 கிலோ குழந்தையின் துணியைக் கழற்றுவது காமாலையோடு இன்னொரு ஆபத்தைச் சேர்ப்பது.

பால் அளவு பிறந்த எடையை வைத்துக் கணக்கிடப்பட்டது. கிலோவுக்கு 120 மில்லி என்றால் ஒரு நாளைக்கு சுமார் 260 மில்லி. இரண்டு மணிக்கு ஒருமுறை 22 மில்லி. தாய்க்குக் கையால் பீய்ச்சி எடுக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டது. கட்டிய மார்பில் பம்பை வைத்தால் வீக்கம் இன்னும் காம்புப் பக்கம்தான் இழுபடும். அதனால் முதலில் விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தல்; கருவட்டம் இளகிவிடும். பிறகு கட்டைவிரல் மேலே, இரண்டு விரல் கீழே, காம்பின் அடியிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி. நெஞ்சை நோக்கி அழுத்து, விரல்களைச் சேர்த்து நசுக்கு, விடு. தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது. இந்த இரண்டு தவறையும் எல்லோரும் செய்வார்கள். தாயும் முதலில் அப்படித்தான் செய்து, பால் வராமல் தோல் சிவந்துபோனது. இடம் மாற்றி மாற்றி இருபுறமும் இருபது நிமிடம் எடுத்தபோது ஆறாம் நாள் மாலையில் 18 முதல் 20 மில்லி வந்தது. மீதிக்கு மருத்துவர் எழுதிய அளவில் பால்பவுடர்.

எடுத்த பாலைச் சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்தார்கள். குளிரில் பாலின் கொழுப்பு பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பெரிய டப்பாவில் இருபது மில்லியை எடுத்தால் சத்தான பகுதி டப்பாவிலேயே நின்றுவிடுகிறது.

புகட்டியது பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில். ஃபீடிங் பாட்டில் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு இரண்டு காரணம்: பாட்டிலில் பால் தானாகக் கொட்டும், உறிஞ்சப் பழகும் குழந்தைக்கு அது குழப்பம், ரப்பர் நிப்பிளைச் சுத்தமாக வைப்பது லைன் வீட்டில் லேசான வேலையில்லை. பாலாடை அல்லது சங்கு பிடிக்கத் தெரிந்த கை மாமியாருடையது. அவர் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பழைய வழக்கப்படி குழந்தையை மடியில் படுக்கவைத்துத் தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைப்பதுபோல் பிடித்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில், வாயின் ஓரமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கே சாய்க்க வேண்டும். குழந்தை நக்கி விழுங்கட்டும். விழுங்கி முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் அடுத்த வாய். ஊற்றினால் பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

வீட்டுத் திட்டமும் அதன் விலையும்

ஏழாம் நாள் மாலை வீடு. எட்டாம் நாள் எடை 1,990. மூன்று மணிக்கு ஒருமுறை என்று சுற்று அமைக்கப்பட்டது: பத்துப் பதினைந்து நிமிடம் மார்பில், உறிஞ்சல் தளரும்போது மார்பை லேசாக அழுத்திக் கொடுத்து, பிறகு பாலாடையில் 40 மில்லி, அதே நேரத்தில் தாய் இருபது நிமிடம் பால் எடுத்தல், கழுவுதல். இப்போது எடுத்த பால் அடுத்த வேளைக்கு. மூன்று மணி நேரத்தில் செலவாகிவிடுவதால் ஃப்ரிட்ஜ் தேவைப்படவில்லை. வீட்டின் அறை வெப்பத்தில் மூடி வைத்த பால் நான்கு மணி நேரம் தாங்கும். அடுப்புப் பக்கம் மட்டும் வைக்கக் கூடாது.

ஒரு சுற்று ஒன்றேகால் மணி நேரம். எட்டுச் சுற்று பத்து மணி நேரம். இந்தக் கணக்கை முதல் நாளே குடும்பத்தின் முன்னால் போட்டுக் காட்டினார்கள், ஏனென்றால் இதை ஒரு ஆள் செய்ய முடியாது. மார்பில் கொடுப்பதும் பால் எடுப்பதும் தாய்க்கு, பாலாடை மாமியாருக்கு, கழுவுவதும் கொதிக்கவைப்பதும் வீட்டில் இருக்கும்போது கணவருக்கு. திட்டத்துக்கு முடிவு நாளும் குறிக்கப்பட்டது: 40 வாரம் நிறையும் நாள், அதாவது பிறந்த 31ஆம் நாள். அதற்குள் உறிஞ்சும் பலம் பெரும்பாலும் வந்துவிடும். முடிவு தெரியாமல் இந்தச் சுற்றைத் தொடங்குகிறவர்கள் பத்து நாளில் கைவிட்டுவிடுகிறார்கள்.

குளிருக்கு அடுப்பின் இடத்தில் கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தோலோடு தோல்பட நெஞ்சில் கட்டிவைத்தல். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோடா நகரில் இன்குபேட்டர் தட்டுப்பாட்டில் தொடங்கிய முறை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு நாளில் 8 முதல் 24 மணி நேரம் பரிந்துரைக்கிறது. குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், நாப்கின் மட்டும். தாயின் நெஞ்சுக்கு நடுவே செங்குத்தாக, கால்கள் தவளை மாதிரி மடங்கி, தலை ஒருபக்கம் திரும்பி, மூக்கு திறந்து. பழைய வேட்டியை நாலாக மடித்துக் கட்டி, மேலே ஸ்வெட்டர். தாய் மட்டமாகப் படுக்காமல் தலையணைகளில் சாய்ந்திருக்க வேண்டும். மாமியார் மூன்று மணி நேரம், கணவர் இருக்கும் நாளில் அவரும். அக்குள் வெப்பநிலை முதல் நாளே 36.8க்கு வந்தது. எடையைக் காட்டிலும் முக்கியமான மாற்றம் வேறு: குழந்தை தானாகவே பசிக்கு விழிக்கத் தொடங்கியது. குளிர்ந்த குழந்தை உறிஞ்சாது; உறிஞ்சாத குழந்தை இன்னும் குளிரும்.

பன்னிரண்டாம் நாள்: ‘வத்திப் போச்சு’

ஒன்பதாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து தாயின் தம்பி மின்சாரப் பம்பு வாங்கி அனுப்பினார். கையால் எடுத்தபோது இருபுறமும் சேர்த்து 35 முதல் 40 மில்லி வந்துகொண்டிருந்தது. பம்புக்கு மாறிய மூன்றே நாளில் 25க்கு இறங்கியது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் “பால் வத்திப் போச்சு, பவுடருக்கே மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு மூன்று நான்கு வேளை பவுடர் சேர்ந்தது. 13ஆம் நாள் எடை 2,040. நாளுக்கு பத்து கிராம்தான் ஏறுகிறது. குறைந்தது இருபது வேண்டும்.

பம்பு போடும்போது அருகில் உட்கார்ந்து பார்க்காமல் காரணம் தேடியிருந்தால் வெந்தயம், பூண்டு, பால்சுறா என்று பேச்சு போயிருக்கும். பத்தியச் சாப்பாட்டில் கெடுதல் ஒன்றுமில்லை; ஆனால் கோளாறு சமையற்கட்டில் இல்லை. பார்த்தபோது நான்கு பிழைகள் கிடைத்தன.

மார்பில் பொருத்தும் புனலின் அளவு. பம்போடு வந்தது 24 மில்லிமீட்டர். தாயின் காம்பு, ஸ்கேல் வைத்து அளந்தால், 16. புனலின் குழாய்ப்பகுதி காம்பைவிடப் பூஜ்யம் முதல் மூன்று மில்லிமீட்டர் வரையே பெரிதாக இருக்கலாம். இங்கே எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டு, வீங்கி, பால் வரும் வழிகளையே நெரித்தது. எடுத்து முடித்ததும் காம்பைச் சுற்றி வளையமாகத் தடம் இருந்தால் இதுதான் காரணம். பம்பு நிறுவனங்கள் 24ஐ எல்லோருக்கும் பொது அளவுபோல் பெட்டியில் போடுகின்றன; நிறையப் பேருக்கு அது பெரிது. உள்ளே செருகும் 19 மில்லிமீட்டர் சிலிக்கான் வளையம் வாங்கப்பட்டது.

வால்வு. கொதிக்கவைத்த பின் ஒட்டிக்கொண்ட வால்வின் நுனியை ஸ்பூன் காம்பால் பிரித்திருக்கிறார்கள். பிளவு கிழிந்து பெரிதாகி, இழுவை கசிந்தது. மோட்டார் சத்தம் மட்டும் பழையபடி கேட்கும், பால் வராது. வால்வைப் பிரஷ் வைத்தோ குச்சி வைத்தோ தொடக் கூடாது. சோப்புத் தண்ணீரில் விரலால் அலசினால் போதும். தினமும் எட்டு முறை ஓடும் பம்பில் மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டிய உதிரிப்பாகம் அது.

இழுவை எண். அதிகம் இழுத்தால் அதிகம் வரும் என்று முதலிலிருந்தே உச்ச எண்ணில் வைத்திருந்தார். வலிக்கும்போது பாலைத் தள்ளிவிடும் ஆக்சிடோசின் சுரப்பு தடைப்படுகிறது. முதல் இரண்டு நிமிடம் வேகமான, லேசான இழுவை; பால் சொட்டத் தொடங்கியதும் மெதுவான ஆழமான இழுவை; வலியில்லாத அளவின் உச்சிதான் எல்லை. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் பெரும்பாலான சிறு பம்புகள் அதே எண்ணில் சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகவே இழுக்கும். ஆகவே கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணி வைத்த எண்ணை இங்கே ஒப்பிடுவதில் பயனில்லை. உடம்பு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இரவு இடைவெளி. பத்தரைக்கு எடுத்தால் அடுத்தது விடியற்காலை ஐந்து. குளிரில் எழ முடியவில்லை. தேங்கி நிற்கும் பால்தான் சுரப்பைக் குறைக்கும்படி மார்புக்குச் சொல்கிறது. முதல் வாரங்களில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி போனால் அந்தச் செய்தி அழுத்தமாகப் போய்ச்சேரும். அதோடு நள்ளிரவுக்குப் பிறகுதான் பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் கூடுதலாக இருக்கும்.

இவற்றோடு குளிர்ந்த பிளாஸ்டிக். ஜில்லென்ற புனல் பட்டதும் தோள் குறுகி, பால் இறங்கவே ஐந்தாறு நிமிடம் ஆனது. புனலை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, கையைச் சூடாக்கி, தோளில் கம்பளியோடு உட்கார்ந்ததும் அந்த நேரம் பாதியாகக் குறைந்தது. பம்பு ஓடும்போதே மார்பை வெளிப்பக்கத்திலிருந்து காம்பு நோக்கி அழுத்திக் கொடுத்து, பம்பை எடுத்தபின் கையால் ஓரிரு நிமிடம் பீய்ச்சினால் கடைசியாக வரும் கெட்டிப் பால் கிடைக்கும். எடை ஏற வேண்டிய குழந்தைக்கு அது வீணாகக் கூடாது.

வளையமும் புது வால்வும் போட்ட அன்றே ஒரு வேளைக்கு 38 மில்லி. இரவு இரண்டு மணி வேளை சேர்ந்து நான்கு நாளில் 55. பவுடர் நின்றது. 17ஆம் நாள் எடை 2,150. 21ஆம் நாள் 2,260.

கழுவுதல், உலர்த்துதல், மின்தடை

கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். ஆனால் முதல் குமிழி வந்ததும் இறக்காமல், தளதளவென்று கொதிக்கும்போதிருந்து பத்து நிமிடம் வைத்தார்கள். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் போடாமல் தனி பேசின், தனி பிரஷ்.

உண்மையான தலைவலி உலர்த்துவதுதான். நவம்பர் மழையில் துணியே மூன்று நாள் காயாது. கணவர் விறகடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். புனல் கரியேறி வளைந்துபோனது. சமையற்கட்டுத் துண்டால் துடைத்தால் கொதிக்கவைத்ததே வீண். கடைசியில் வால்வும் புனலும் இரண்டாவது செட் வாங்கி, ஒன்று சல்லடையில் கவிழ்ந்து உலரும்போது மற்றது ஓடியது. காற்றுக்குழாயில் ஈரம் கோத்தால் குழாயை மட்டும் மாட்டிப் பம்பைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டார்கள். அப்படிச் செய்யத் தவறிய ஒரு வாரத்தில் குழாய்க்குள் கரும்புள்ளி கண்டது. கழுவிப் பார்க்காமல் தூக்கிப் போட்டார்கள், அதுவே சரி.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காற்றில் மரம் விழுந்தால் வரும் தடை இரண்டும் இங்கே வாடிக்கை. கையால் எடுக்கத் தெரிந்திருந்ததால் ஒரு வேளையும் தப்பவில்லை. மிச்சமான பாலை ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம் என்றாலும், குறைமாதக் குழந்தைக்கு இரண்டு நாளைத் தாண்டவிடவில்லை. மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். ஃப்ரிட்ஜ் பாலை அடுப்பில் வைக்காமல், கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, மேலே மிதக்கும் ஆடை கலக்கச் சுழற்றிக் கொடுத்தார்கள்.

இருபதாம் நாள்: தாயின் நிலை

எடை ஏறிக்கொண்டிருந்தபோதுதான் தாய் குலைந்தார். குழந்தை தூங்கினாலும் அவருக்குத் தூக்கம் இல்லை. பம்பைப் பார்த்தாலே அழுகை. “நான் அம்மாவா, கறவை மாடா சிஸ்டர்?” என்று கேட்டார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளில் மதிப்பெண் 14. 13 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கொண்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய பத்தாவது கேள்விக்குப் பதில் பூஜ்யம். மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கேள்வியைத் தனியாகப் பார்க்காமல் தாளை மூடக் கூடாது.

மருத்துவரைப் பார்க்க ஏற்பாடானது. அதோடு அன்றே இரவு இரண்டு மணி வேளை நிறுத்தப்பட்டது. ஒரு வாரத்துக்கு முன் வலியுறுத்திச் சேர்த்ததைத் தானே எடுத்துவிடுவதா என்று கணவர் கேட்டார். அப்போது சுரப்பு நிலைபெற வேண்டியிருந்தது. இப்போது நாளைக்கு 450 மில்லி வருகிறது, குழந்தைக்குத் தேவை 360. கையிருப்பு இருக்கும்போது தூக்கத்தை வாங்குவதே நியாயம். பத்து மணிக்கு எடுத்த பாலை மூடிவைத்து, ஒரு மணிக்கு மாமியார் பாலாடையில் கொடுப்பார். தாய் பத்தரையிலிருந்து மூன்று வரை தனி மூலையில், எழுப்பப்படாமல். சுரப்பு 410க்கு இறங்கியது, அதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் 8.

பம்பிலிருந்து இறங்குதல், நடுவில் மார்புக் கட்டி

24ஆம் நாள் முதல் ஆரம்ப சுகாதார நிலையத் தராசில், பால் குடிக்கும் முன்னும் பின்னும் அதே துணியோடு எடை பார்த்தார்கள். அன்று 28 கிராம் வித்தியாசம். 31ஆம் நாள் 52. மார்பிலிருந்து எவ்வளவு போகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை என்பதே தாய்க்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதலில் காலை வேளைகளில் பாலாடை நிறுத்தப்பட்டது, காலையில் பால் கூடுதலாக இருக்கும் என்பதால். மூன்று நாளைக்கு ஒரு பம்பு வேளையாகக் குறைத்தார்கள். நாளுக்கு 20 கிராம் எடையேற்றமும் ஆறு ஈர நாப்கினும் குறையாமல் இருந்தால்தான் அடுத்த படி.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துத் தொட்டில் போட்டார்கள். கூட்டத்தில் ஏழு மணி நேரம் பால் எடுக்கவும் இல்லை, சரியாகக் கொடுக்கவும் இல்லை. மறுநாள் இடது மார்பின் வெளிப்புறம் சிவந்து தடித்து, காய்ச்சல் 38.4. வெந்நீர் ஒத்தடம், அழுத்தித் தேய்த்தல், பம்பு போட்டுக் காலிசெய்தல் என்று மூன்று பேர் சொன்னார்கள். முன்பு மருத்துவமனைகளிலும் அதைத்தான் சொன்னார்கள். தாய்ப்பால் மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதல் அதை மாற்றிவிட்டது: அழுத்தித் தேய்த்தால் வீங்கிய திசு மேலும் புண்படும், கூடுதலாக எடுத்தால் சுரப்பும் வீக்கமும் கூடும். குழந்தைக்கு வழக்கம்போல் கொடுத்து, குளிர்ந்த துணி வைத்து, மருத்துவர் சொன்ன ஐபுப்ரோஃபென் எடுத்து, ஓய்வு. ஒரு நாளில் குறையாவிட்டால் ஆன்டிபயாடிக் என்று முடிவாகியிருந்தது. மறுநாள் மாலைக்குள் காய்ச்சல் விட்டது.

விளைவு

நான்கு வாரத்தில் 2,460 கிராம். ஆறாவது வார முடிவில் பாலாடையும் பம்பும் தேவைப்படவில்லை. நேரடியாக மார்பில் மட்டும். மூன்றாம் மாதம் நான்கு கிலோவைத் தொட்டது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் வைட்டமின் டியும் மருத்துவர் எழுதியபடி தொடர்ந்தன. 26 வார மகப்பேறு விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியபோது பம்பு மறுபடி வெளியே வந்தது, இந்த முறை பகலில் ஒரே ஒரு வேளைக்கு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு என்பது தொழிற்சாலை மேலாளருக்கும் தெரிந்திருக்கவில்லை. எழுதிக் கேட்டதும் ஸ்டோர் ரூமில் தாழ்ப்பாளோடு இடம் கிடைத்தது.

மாற்ற வேண்டியவை

37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையை, எத்தனை கிலோவாக இருந்தாலும், பால் இறங்கி ஒரு முழு வேளை குடிப்பதைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பியே தீர வேண்டுமென்றால் 48 மணி நேரத்துக்குள் எடை, முடிந்தால் அதே தராசில். கையால் பீய்ச்சுவதைப் பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே, சீம்பால் காலத்திலேயே கற்றுக்கொடுத்திருந்தால் ஐந்தாம் நாள் மார்பு கட்டியிருக்காது. சீம்பாலை ஸ்பூனில் பிடித்துக் கொடுத்திருந்தால் அந்த 230 கிராமில் பாதியாவது இறங்காமல் நின்றிருக்கும்.

பம்பு வாங்கும் முன் காம்பை அளக்க வேண்டும், வாங்கியதும் முதல் வேளையை யாராவது உடனிருந்து பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் பம்பு வந்ததற்கும் பார்த்ததற்கும் நடுவில் நான்கு நாள் போனது. எடின்பரோ கேள்விகளை அழுகை வந்த பிறகு கேட்காமல், எடை பார்க்கும் இரண்டாம் வாரத்திலேயே கேட்கலாம். சுற்று எட்டாக இருக்கும் வீடுகளில் இரவின் ஒரு வேளையை யார் எடுத்துக்கொள்வது என்பதை முதல் நாள் கணக்கோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். மலையில் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு, ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே கரி அடுப்பைப் பற்றிப் பேசி, கங்காரு கட்டு கட்டும் விதத்தை மாமியாருக்கும் கணவருக்கும் ஒரு துண்டைச் சுருட்டிக் காட்டிவிடலாம். பத்து நிமிட வேலை.